தெளிந்த தண்ணி எல்லாம் நல்ல தண்ணியா?
கழிவுநீரில் இருக்கும் ‘கிருமிதின்னிகள்’ நமக்குச் சொல்லும் சேதி

ஓடுற தண்ணிக்குத் தீட்டு இல்லை என்று நம்ம பெரியவங்க சொல்வாங்க. மலையிலிருந்து பீலியில் கொட்டுகிற தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்து வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லோரும். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று நாங்கள் லயத்துக்கு வந்து சொன்னால், “இந்தத் தண்ணியில அப்படி என்ன இருக்கு? கண்ணாடி மாதிரி இருக்கே! எங்க தாத்தா காலத்திலிருந்து இதைத்தானே குடிக்கிறோம்” என்று கேட்கிறார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், “பி.எச்.ஐ. ஐயா போத்தலில் பிடித்துக்கொண்டு போய்ச் சோதித்தார், நல்ல தண்ணி என்று முடிவு வந்தது. பிறகு எதற்குக் கொதிக்க வைக்கணும்?” என்று கேட்கிறார்கள்.

இரண்டும் நியாயமான கேள்விகள். இவற்றுக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற தண்ணீரிலும், சாதாரணச் சோதனையில் தேறிய தண்ணீரிலும் கூட ஆபத்து இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் ஒரு விசித்திரமான உயிரைத் துணைக்கு அழைத்திருக்கிறார்கள். அது மனிதனுக்கு எந்தத் தீங்கும் செய்யாத, கிருமியையே தின்று வாழ்கிற ஒரு கிருமி.

சோதனையில் எதைத் தேடுகிறார்கள்?

தண்ணீரால் வருகிற வியாதிகள் பல. வயிற்றோட்டம், வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல், வாந்திபேதி, செங்கமாரி எல்லாம் அதில் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் காரணமான கிருமி வேறு வேறு. ஆனால் அவை தண்ணீருக்குள் வருகிற பாதை பெரும்பாலும் ஒன்றுதான். நோயாளியின் மலத்திலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து இன்னொருவர் வாய்க்கு.

ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியே தேடுவது பெரிய வேலை. செலவும் அதிகம், நாளும் அதிகம். அதனால் சோதனைச்சாலையில் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். எல்லா மனிதருடைய குடலிலும் எப்போதும் வாழ்கிற ஒரு பற்றீரியா இருக்கிறது. அதன் பெயர் ஈ.கோலை. தண்ணீரில் ஈ.கோலை இருந்தால் அங்கே மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். மலம் கலந்திருந்தால் மற்ற நோய்க் கிருமிகளும் வந்திருக்கலாம். புகையைப் பார்த்து நெருப்பை அறிவது போல இது. 100 மில்லி லீற்றர் குடிநீரில், அதாவது ஒரு சின்னத் தேத்தண்ணிக் கோப்பை அளவில், ஒரு ஈ.கோலை கூட இருக்கக் கூடாது என்பது உலகம் முழுவதும் வைத்திருக்கும் விதி. நம்ம நாட்டில் வழக்கமாகச் செய்கிற குடிநீர்ச் சோதனையும் இதைத்தான் பார்க்கிறது.

இந்தச் சோதனை நல்ல சோதனை. கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. நோய்க் கிருமிகளில் பற்றீரியா மட்டும் அல்ல, வைரசும் உண்டு. வைரசு மிக மிகச் சிறியது. ஈ.கோலையை ஒரு கொழுந்துக் கூடை அளவு என்று வைத்துக்கொண்டால், செங்கமாரி வைரசு ஒரு பட்டாணி அளவுதான் இருக்கும். கூடை நுழையாத இடுக்கில் பட்டாணி சுலபமாக உருண்டு போய்விடும் அல்லவா? அது போல மண்ணும் மணலும் பற்றீரியாவைப் பிடித்து நிறுத்துகிற இடத்தில் வைரசு நழுவிப் போய்விடலாம். குளோரின் பட்டதும் ஈ.கோலை சீக்கிரம் செத்துவிடும், சில வைரசுகள் அதைவிடத் தாக்குப் பிடிக்கும். குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே புகை அடங்கிவிட்டது என்று நாம் நினைக்கிற நேரத்தில் உள்ளே தணல் இருக்கலாம்.

டில்லி நகரம் படித்த பாடம்

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1955ஆம் ஆண்டு இந்தியாவின் தலைநகரான டில்லியில் நடந்ததைக் கேளுங்கள்.

டில்லி மக்களுக்கு யமுனை ஆற்றிலிருந்து வசீராபாத் என்ற இடத்தில் தண்ணீர் எடுத்துச் சுத்திகரித்துக் குழாயில் அனுப்பினார்கள். அதற்குப் பக்கத்தில்தான் நஜஃப்கர் என்ற பெரிய கழிவு வாய்க்கால் ஆற்றில் விழுகிறது. அந்த ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டது. நவம்பர் மாதத்தில் வாய்க்கால் கழிவு பின்னோக்கி வந்து, தண்ணீர் எடுக்கிற வாயிலேயே கலந்தது. அதிகாரிகள் கவனித்துவிட்டார்கள். படிகாரத்தையும் குளோரினையும் கூட்டிப் போட்டார்கள். அதற்குப் பலனும் கிடைத்தது. நெருப்புக் காய்ச்சலோ வயிற்றுளைவோ நகரத்தில் கூடவில்லை. தண்ணீர் தப்பித்தது என்றே நினைத்தார்கள்.

ஆனால் சில வாரங்கள் கழித்து, டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும், செங்கமாரி நகரமெங்கும் பரவியது. கண்ணும் உடம்பும் மஞ்சளாகி விழுந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 29,300 பேர். பற்றீரியா குளோரினுக்குச் செத்துவிட்டது, வைரசு தப்பி வந்துவிட்டது.

அந்த வைரசு எது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. பத்திரப்படுத்தி வைத்திருந்த இரத்த மாதிரிகளை 1980ஆம் ஆண்டில் சோதித்தபோதுதான் அது ஏற்கெனவே தெரிந்த வகை இல்லை, வேறொன்று என்று புரிந்தது. இன்று அதை ஹெப்படைட்டிஸ் ஈ என்கிறார்கள். இதில் நம்ம பெண்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மற்றவர்களுக்கு இந்த நோய் பெரும்பாலும் சில வாரங்களில் தானே குணமாகிவிடும். கர்ப்பிணிப் பெண்களுக்கு அப்படி இல்லை. கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் தாய்க்கு இது வந்தால் ஐந்து பேரில் ஒருவர் வரை இறந்துபோகக் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

நம்ம மலைநாட்டுக்கும் செங்கமாரி புதிது அல்ல. 2007இல் கம்பளைப் பக்கத்தில் இன்னொரு வகையான ஹெப்படைட்டிஸ் ஏ பரவி நூற்றுக்கணக்கானவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அதுவும் மலத்திலிருந்து வாய்க்குப் போகிற வைரசுதான்.

கிருமியைத் தின்கிற கிருமி

சரி, வைரசைப் பிடித்துக் காட்ட என்ன வழி? செங்கமாரி வைரசையே தண்ணீரில் தேடலாம். ஆனால் அதற்குப் பெரிய சோதனைச்சாலை வேண்டும், விலை உயர்ந்த கருவி வேண்டும், பல லீற்றர் தண்ணீரை வடித்துச் சுருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் நாம் தலைப்பில் சொன்ன கிருமிதின்னி வருகிறது.

மனிதனுக்கு வைரசு நோய் வருவது போல, பற்றீரியாவுக்கும் வைரசு நோய் வரும். பற்றீரியாவைத் தாக்குகிற வைரசை விஞ்ஞானிகள் ‘பற்றீரியோபேஜ்’ என்பார்கள். பற்றீரியாவைத் தின்பது என்று அர்த்தம். சுருக்கமாக ‘பேஜ்’ என்றும் சொல்வார்கள். பேஜ் ஒரு பற்றீரியாவின் மேல் போய் ஒட்டிக்கொண்டு தன் உள்ளுடம்பை அதற்குள் செலுத்தும். அரை மணி நேரம் போதும், உள்ளே நூற்றுக்கணக்கான குட்டிப் பேஜ்கள் உண்டாகி, பற்றீரியாவை வெடிக்கச் செய்து வெளியே வரும். ஒவ்வொரு வகைப் பேஜும் தனக்குரிய பற்றீரியாவைத்தான் தாக்கும். நம்ம உடம்பின் அணுக்களை அவை தொடுவதில்லை.

இந்தக் கதை நம்ம பக்கத்து நாட்டில்தான் ஆரம்பிக்கிறது. 1896இல் ஆக்ராவில் வேலை செய்த ஹேன்கின் என்ற ஆங்கிலேயர், கங்கை, யமுனை நீரில் வாந்திபேதிக் கிருமியை விட்டுப் பார்த்தார். மூன்று மணி நேரத்துக்குள் கிருமி செத்துப்போனது. அதே தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு அதில் கிருமியை விட்டால் அது சாகவில்லை. கொதிக்க வைத்தால் அழிந்துபோகிற ஏதோ ஒன்று அந்த நீரில் இருந்தது. அது பேஜாக இருக்கலாம் என்று பிறகு வந்தவர்கள் பலர் கருதினார்கள். 1915இல் இங்கிலாந்தில் டுவோர்ட் என்பவரும், 1917இல் பாரிஸில் டெரெல் என்பவரும் பேஜைத் தனித்தனியே கண்டறிந்து எழுதினார்கள். அதற்குப் பேர் வைத்தவர் டெரெல். 1920களின் கடைசியிலும் 1930களிலும், தேயிலைக்குப் பேர் போன அசாம் மாகாணத்தில், வாந்திபேதிக்குப் பேஜையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள்.

“அப்படியானால் கங்கைத் தண்ணி புனிதம் என்பது சரிதானே, பேஜ் இருந்தால் நல்லதுதானே?” என்று கேட்கலாம். இங்கேதான் விஷயத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பேஜ் எங்கே பெருகும்? தன் இரையான பற்றீரியா எங்கே மொய்த்துக் கிடக்கிறதோ அங்கேதான். குடல் பற்றீரியாவைத் தின்கிற பேஜ் ஒரு தண்ணீரில் நிறைய இருந்தால், அந்தத் தண்ணீருக்கு மலம் வந்து சேர்கிறது என்றுதான் பொருள். பேஜ் ஒரு வகைக் கிருமியைக் கொன்றாலும் செங்கமாரி வைரசை ஒன்றும் செய்யாது.

எலிவளைக்குப் பக்கத்தில் பாம்பு

ஈ.கோலை வகைப் பற்றீரியாவைத் தாக்குகிற பேஜ்களுக்கு ‘கோலிபேஜ்’ என்று பேர். எலி இருக்கிற இடத்தைச் சுற்றிப் பாம்பு இருப்பது போல, ஈ.கோலை இருக்கிற இடத்தில் இவையும் இருக்கும். நகரத்துக் கழிவுநீரில் ஒரு மில்லி லீற்றர் எடுத்தால், அதாவது இருபது துளி அளவில், ஆயிரக்கணக்கான கோலிபேஜ்கள் இருப்பது வழக்கம்.

மலம் கலந்ததற்கு இவை நல்ல சாட்சி என்று சொல்லக் காரணங்கள் உண்டு. இவையும் வைரசுகள்தான். அதனால் செங்கமாரி, போலியோ வைரசுகளைப் போன்ற சிறிய உருவம் இவற்றுக்கும் உண்டு. அவை நுழைகிற இடுக்கில் இவையும் நுழையும். குளோரினுக்கும் அவை போலவே தாக்குப் பிடிக்கும். ஈ.கோலை செத்துப்போன பிறகும் தண்ணீரில் நின்று, “இந்த வழியாகக் கழிவு வந்தது” என்று காட்டிக்கொடுக்கும். நோய் தராதவை என்பதால் கையாளுகிறவருக்கும் பயம் இல்லை.

இவற்றில் ஒரு வகை நம்ம குளிர் மலைக்கு மிகவும் பொருத்தமானது. அந்தப் பேஜ் பற்றீரியாவின் உடம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் மயிர் போன்ற ஒன்றைப் பிடித்துத்தான் உள்ளே போகும். அந்த மயிர் வளர உடம்புச் சூடு போன்ற சூடு வேண்டும். குளிர்ந்த ஊற்று நீரில் அது வளராது, ஆகவே அங்கே இந்தப் பேஜும் பெருகாது. அப்படியிருந்தும் குளிர்ந்த தண்ணீரில் இதைக் கண்டால், அது சூடான குடலிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். இந்த வகைக்குள் நான்கு பிரிவுகள் உண்டு. இரண்டு பிரிவுகள் பெரும்பாலும் மனிதக் கழிவிலும், மற்ற இரண்டு பெரும்பாலும் ஆடு மாடு போன்றவற்றின் கழிவிலும் காணப்படுகின்றன. ஆகவே தண்ணீரைக் கெடுத்தது மேல் லயத்துக் கக்கூசா, மாட்டுப்பட்டியா என்று ஊகிக்கவும் இது உதவும்.

சோதனை செய்யும் முறையும் எளிது. தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தில் கூழ் போன்ற உணவை ஊற்றி, அதில் ஈ.கோலையையும் சோதிக்க வேண்டிய தண்ணீரையும் கலந்து, உடம்புச் சூட்டில் வைக்கிறார்கள். மறுநாள் பார்த்தால் பற்றீரியா வளர்ந்து கிண்ணம் முழுவதும் படர்ந்திருக்கும், பச்சைத் தேயிலை மலை மாதிரி. தண்ணீரில் பேஜ் இருந்திருந்தால் அந்த மலையில் ஆங்காங்கே மொட்டைத் திட்டுகள் விழுந்திருக்கும். ஒரு திட்டு ஒரு பேஜிலிருந்து உண்டானது. திட்டுகளை எண்ணினால் கணக்கு கிடைத்துவிடும்.

அமெரிக்காவில் நிலத்தடி நீருக்காக 2006இல் வந்த விதியில், மலக் கலப்பைக் கண்டறியும் அடையாளங்களில் ஒன்றாகக் கோலிபேஜையும் ஏற்றுக்கொண்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் கொண்டுவந்த குடிநீர்ச் சட்டத்திலும், மாசு வரக்கூடிய இடங்களில் சுத்திகரிக்கும் முன்னரே கோலிபேஜைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். 100 மில்லி லீற்றரில் 50 என்ற அளவைத் தாண்டினால் சுத்திகரிப்பு போதுமானதா என்று ஆராய வேண்டும்.

மலையில் பிறந்து வண்ணாத்திவில்லில் முடிகிற தண்ணீர்

இப்போது மலையை விட்டுக் கடற்கரைப் பக்கம் போவோம். தலவாக்கலை, அக்கரப்பத்தனைப் பக்கத்து ஓடைகள் கொத்மலை ஓயாவில் சேர்ந்து மகாவலியில் கலக்கின்றன. கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்லையில் மகாவலி நீரின் ஒரு பகுதியை 1976 முதல் சுரங்கம் வழியாக வடக்கே திருப்பி விடுகிறார்கள். அதில் ஒரு பங்கு கலாவெவவுக்குப் போய், வயல்களுக்குப் பாய்ந்து, மிச்சம் கலா ஓயாவில் ஓடி, புத்தளம் மாவட்டத்தின் வண்ணாத்திவில்லு பிரதேசத்தின் ஓரமாகக் கங்கைவாடிக்கு அருகே கடலில் சேருகிறது. நம்ம கொழுந்து மலையில் விழுந்த மழை அந்தக் கரை வரைக்கும் போகிறது. அத்தனை தூரத்தில் வெயிலும் நாளும் பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். ஆனாலும் மேலே இருப்பவரின் கழிவு கீழே இருப்பவரின் குடிநீர் என்பது எந்த ஊருக்கும் பொருந்துகிற உண்மை.

புத்தளம் பக்கம் தென்னந்தோட்ட வேலைக்கும் உப்பள வேலைக்கும் போன சொந்தக்காரர்கள் உள்ளவர்களுக்கு அந்த ஊர் தெரிந்திருக்கும். வறண்ட பூமி. மேலே சிவப்பு மண், தென்னையும் மரமுந்திரிகையும். அங்கே பீலியும் இல்லை, ஊற்றும் இல்லை. குடிப்பதற்குக் கிணறும் குழாய்க் கிணறும்தான். கீழே போனால் சுண்ணாம்புக் கல். அறுவக்காட்டில் வெட்டி எடுக்கிற அந்தக் கல்லில் இருந்துதான் புத்தளம் சீமெந்து உண்டானது. அந்தக் கல்லுக்குள்ளே ஒரு பெரிய நிலத்தடி நீர்த் தேக்கம் இருக்கிறது. வண்ணாத்திவில்லுத் தேக்கம் என்று நீர் ஆராய்ச்சியாளர்கள் அதைச் சொல்வார்கள். 1980களின் ஆரம்பத்திலேயே அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

சுண்ணாம்புக் கல்லுக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். வெடிப்புகள் பெருத்து, பொந்தும் வழியுமாகும். மணலில் தண்ணீர் ஒரு நாளைக்கு ஓரிரு அடி ஊர்ந்து, வடிகட்டப்பட்டு நகரும். வெடித்த சுண்ணாம்புப் பாறையிலோ குழாயில் ஓடுவது போல ஓடிவிடும். வடிகட்டவும் நேரமில்லை, கிருமி சாகவும் நேரமில்லை. சுண்ணாம்புப் பாறை உள்ள நாடுகளில் நிலத்தடி வழியைக் கண்டுபிடிக்க, ஆராய்ச்சியாளர்கள் தீங்கில்லாத பேஜையே ஒரு குழியில் விட்டு, அது எந்தக் கிணற்றில், எத்தனை மணி நேரத்தில் தலைகாட்டுகிறது என்று பார்ப்பார்கள்.

வண்ணாத்திவில்லின் ஆழமான தேக்கத்துக்கு மேலே மண்ணும் களியும் மூடியிருப்பது ஒரு காவல். ஆனால் மேலிருந்து நீர் மெதுவாகக் கசிந்து இறங்குவதும் உண்டு. அந்தக் காவல் மெல்லியதாக இருக்கிற இடத்திலும், குழாய்க் கிணற்றைச் சுற்றிச் சரியாகச் சீமெந்து போடாமல் விட்ட இடத்திலும், கல் வெட்டி மேல் மண் போன இடத்திலும் என்ன ஆகும்? கொழும்புக் குப்பையை அறுவக்காட்டுக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது புத்தளத்து மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்ததற்கு, நிலத்தடி நீர் பற்றிய பயமும் ஒரு காரணம். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடி விடுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். மண்ணுக்கு அது நல்ல விதி. வெடித்த பாறை அடியைப் பார்ப்பதில்லை. கனடாவில் வோக்கர்டன் என்ற சிறு ஊரில், வெடிப்புள்ள பாறையில் தோண்டிய ஆழமில்லாத கிணற்றில் மாட்டுச் சாணக் கழிவு கலந்ததால், 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் 7 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 2,300 பேர் நோய்ப்பட்டார்கள். அங்கே குளோரின் போடும் ஏற்பாடு இருந்தும் சரியாகப் போடவில்லை.

வண்ணாத்திவில்லு போன்ற இடத்துக்கு ஈ.கோலைச் சோதனையோடு கோலிபேஜ் சோதனையும் சேர்ந்தால் நல்லது என்று நாம் சொல்வது இதனால்தான். ஆழ்கிணற்றில் பேஜ் காணப்பட்டால், காவல் என்று நம்பியிருக்கும் களிமண்ணில் எங்கோ வழி திறந்திருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

நம்ம மலைக்கு இது எப்படிப் பொருந்தும்?

நம்ம மலையில் சுண்ணாம்புக் கல் அதிகம் இல்லை. ஆனால் பாறை வெடிப்பு உண்டு. பீலியில் வருகிற தண்ணீர் பல இடங்களில் பாறை இடுக்கிலிருந்துதான் ஒழுகுகிறது. நம்ம லயங்களோ சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கின்றன. மேல் கணக்கு லயத்துக் கக்கூசுக் குழி, கீழ்க் கணக்கு ஊற்றுக்கு நேர் மேலே இருக்கலாம். குழியின் அடி பாறையில் முட்டிக்கொண்டிருந்தால், அதில் விழுந்தது வடிகட்டப்படாமலே ஊற்றுக்கு வந்துவிடும். அந்தத் தண்ணீர் கலங்கலாக இராது, நாறவும் நாறாது. அதுதான் இதில் உள்ள மோசம்.

மழைக்காலத்தைக் கவனியுங்கள். பெருமழை பெய்த அடுத்த சில நாட்களில் பிள்ளைமடுவில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் கூடினால் அது தற்செயல் என்று விட்டுவிடக் கூடாது. நல்ல வெயில் நாளில் எடுத்த மாதிரி தேறியிருக்கலாம், மழை கழுவிக்கொண்டு வந்த நாளில் அதே ஊற்று வேறு தண்ணீரைக் கொடுக்கும். சோதனை முடிவு என்பது அந்தப் போத்தலில் அன்றைக்குப் பிடித்த தண்ணீருக்குத்தான்.

கோலிபேஜ் சோதனைக்கும் எல்லை உண்டு. பேஜ் காணப்பட்டால் எச்சரிக்கை உறுதி. பேஜ் காணப்படாவிட்டால் தண்ணீர் சுத்தம் என்று எழுதிக் கொடுத்துவிட முடியாது. எந்தச் சோதனையும் கொதிக்கிற கேத்தலுக்கு ஈடாகாது.

நாம் செய்யக்கூடியவை

1. குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். நுவரெலியா உயரத்தில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். அந்தச் சூடும் கிருமிகளைக் கொல்லப் போதும், ஆனால் கொதி வந்த உடனே இறக்காதீர்கள். கொப்புளித்துக் கொதிக்க ஆரம்பித்த பிறகு மூன்று நிமிடம் விடுங்கள்.

2. விறகுக்குக் கஷ்டம் என்று தாய்மார் சொல்வது எங்களுக்குத் தெரியும். எல்லாத் தண்ணீரையும் கொதிக்க வைக்க வேண்டியதில்லை. குடிப்பதற்கும், வாய் கொப்பளிப்பதற்கும், பால்மா கரைப்பதற்கும் மட்டும் போதும். இராச் சோறு ஆக்கி முடித்த அடுப்பில் மறுநாள் தண்ணீரைப் போட்டு விடலாம். மலைக்குப் போகும்போது போத்தலில் கொதித்தாறிய நீரை எடுத்துப் போங்கள். வேலை நேரத்தில் வழி ஓடையில் அள்ளிக் குடிக்க வேண்டாம்.

3. துணியில் வடிகட்டினால் குப்பை போகும், வைரசு போகாது. சந்தையில் விற்கிற சாதாரண மெழுகுதிரி வடிகட்டியிலும் வைரசு நழுவிவிடும். வடித்த பிறகும் கொதிக்க வைக்கத்தான் வேண்டும்.

4. கொதித்தாறிய நீரை மூடி வையுங்கள். கையை விட்டு மொண்டால் பட்ட பாடு வீண். கைபிடி உள்ள அகப்பையோ, சாய்த்து ஊற்றுகிற கேத்தலோ நல்லது.

5. ஊற்றுக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்து ஏறிப் பாருங்கள். கக்கூசுக் குழி, மாட்டுப்பட்டி, லயத்துக் காண் எல்லாம் எந்தப் பக்கம் வடிகிறது என்று பாருங்கள். இது காசு செலவில்லாத சோதனை. சோதனைச்சாலை சொல்லாததையும் சில வேளை இது சொல்லிவிடும்.

6. புதிய மலசலகூடம் கட்டும்போது குழி ஊற்றுக்குக் கீழ்ப்பக்கமாக இருக்கட்டும். தோண்டும்போது வெடித்த பாறை வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டு இடம் குறியுங்கள். சின்னப் பிள்ளைகளின் மலத்தையும் கக்கூசிலேயே போடுங்கள். காணில் கழுவி விட்டால் அது கீழ் லயத்துக்குத்தான் போகும்.

7. ஊற்றுத் தண்ணீர் வந்து சேருகிற டேங்கிக்கு மூடி இருக்கிறதா, குளோரின் போடுகிறார்களா என்று தோட்ட சுகாதாரக் குழுவில் கேளுங்கள். கலங்கல் தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது. தெளிந்த பிறகு போட்டு, குறைந்தது அரை மணி நேரம் விட வேண்டும்.

8. கக்கூசுக்குப் போய் வந்த பிறகும், பிள்ளைக்குக் கால் கழுவி விட்ட பிறகும், சோறு ஆக்கும் முன்னும் சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

9. கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனாலோ கைமருந்தோடு நிற்காமல் டிஸ்பென்சரிக்குப் போங்கள். கர்ப்பிணி என்றால் ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி கரைக்கும் தண்ணீரும் கொதித்தாறியதாக இருக்க வேண்டும்.

10. ஒரே வரிசை லயத்தில் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று பேருக்கு வயிற்றோட்டமோ செங்கமாரியோ வந்தால் உடனே மிட்வைஃப் அம்மாவிடமோ பரிசோதகரிடமோ சொல்லுங்கள். தண்ணீரை அந்த நேரத்தில், முக்கியமாக மழைக்குப் பிறகு, மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இதோடு, இந்தியாவில் குவாலியர் ஆராய்ச்சியாளர்கள் 1982இல் வெளியிட்ட ஒரு மலிவான சோதனையும் உண்டு. மருந்து தோய்த்த கடதாசி வைத்த சின்னப் போத்தலில் தண்ணீரை ஊற்றி வைத்தால், மலம் கலந்த தண்ணீர் ஓரிரு நாளில் கறுத்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்குகிற சோதனை இது. இதுவும் பற்றீரியாவைப் பார்க்கிற சோதனைதான், வைரசைக் காட்டாது. ஆனால் பல ஊற்றுகளை ஒப்பிட்டு எது மோசம் என்று அறிய உதவும். உங்கள் தோட்டத்தில் இதைச் செய்து பார்க்க முடியுமா என்று பரிசோதகரிடம் கேட்டுப் பாருங்கள்.

தண்ணீர் தெளிவாக இருப்பது கண்ணுக்குச் சந்தோஷம். அது வயிற்றுக்கு உத்தரவாதம் அல்ல. வண்ணாத்திவில்லுக் கிணற்றடியில் நிற்கிறவரும் நம்ம பீலிக்கரையில் குடம் வைத்திருப்பவரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்தத் தண்ணி எந்த வழியாக, யாருடைய வீட்டுப் பக்கமாக வருகிறது? அதற்குப் பதில் தெரிகிற வரைக்கும் கேத்தல் அடுப்பில் ஏறட்டும்.